பல் முளைக்கும் குழந்தையை வீட்டிலேயே ஆற்றுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு பிள்ளைகளுக்குப் பல் முளைத்த இரவுகளைத் தோளில் போட்டுத் தட்டியபடியே கடந்தவள் நான். உறவிலும் தெருவிலும் ஒரு கைக்குழந்தைக்கு ஆறாவது மாதம் நெருங்கினால் அதன் தாய் என்னிடம் வந்துவிடுவாள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். குழந்தை மருத்துவர்களிடம் கேட்டது, தேடிப் படித்தது, கைப்பழக்கத்தில் கண்டது எல்லாவற்றையும் சேர்த்து இங்கே பதில்களாக எழுதியிருக்கிறேன்.

முதல் பல் எப்போது வரும்?

பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறு மாதத்தையொட்டி. நான்கு மாதத்திலேயே வருவதும் உண்டு, ஒரு வயது வரை காத்திருக்க வைப்பதும் உண்டு. வழக்கமாகக் கீழ்வரிசையின் நடுப்பற்கள் இரண்டும் முதலில் எட்டிப் பார்க்கும். பிறகு மேல்வரிசையின் நடுப்பற்கள், அவற்றை அடுத்தவை, முதல் கடைவாய்ப்பற்கள், கோரைப்பற்கள் என்று வந்து, இரண்டரை முதல் மூன்று வயதுக்குள் 20 பால்பற்களும் நிறைந்துவிடும். முதல் பல்லுக்குத் தயாராகும் பெற்றோர் பலர், ஒரு வயதைத் தாண்டி வரும் கடைவாய்ப்பல்லை மறந்துவிடுகிறார்கள். அகலமான பல் என்பதால் அப்போது குழந்தை கூடுதலாகவே சிணுங்கலாம்.

மூன்று மாதம்தான் ஆகிறது. எச்சில் ஒழுகுகிறது, கையை வாயிலிருந்து எடுப்பதே இல்லை. பல் வருகிறதா?

அநேகமாக இல்லை. மூன்று, நான்கு மாதத்தில் உமிழ்நீர்ச் சுரப்பிகள் சுறுசுறுப்பாகிவிடும். ஊறும் எச்சிலை விழுங்கும் பழக்கம் இன்னும் வந்திருக்காது, அதனால் வெளியே வழிகிறது. கையை வாயில் வைப்பது அந்த வயதுக் குழந்தை உலகத்தைத் தெரிந்துகொள்ளும் வழி.

பல்லுக்காகத்தான் அழுகிறது என்பதை எப்படி உறுதி செய்வது?

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, குழந்தையை மடியில் மல்லாத்தி, வெளிச்சத்தில் கீழ் உதட்டை மெல்லத் தாழ்த்திப் பாருங்கள். பல் வரும் இடத்தில் ஈறு சற்றே உப்பி, சிவந்திருக்கும். இன்னும் நெருங்கியிருந்தால் ஈறின் அடியில் வெண்மையாக ஒரு கோடு தெரியும். விரல் நுனியால் வருடினால் அரிசி முனை போல நெருடும். பல்லின் முனை வெளியே எட்டியிருந்தால், சின்ன ஸ்டீல் கரண்டியால் மெதுவாகத் தொட்டதும் 'டிக்' என்று ஓர் ஓசை கேட்கும். என் தாய் இப்படித்தான் கண்டுபிடித்தாள்.

இதோடு எச்சில் கூடுவது, ஈறைத் தேய்ப்பது, கிடைத்ததைக் கடிப்பது, காதைத் தடவுவது, திட உணவை மறுப்பது, எளிதில் எரிச்சலடைவது ஆகியவையும் சேரலாம். 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 125 குழந்தைகளின் பெற்றோர் நாள்தோறும் குறிப்பு எழுதிவைத்தார்கள். ஒரு பல் வெளிவருவதற்கு நான்கு நாள் முன்பிருந்து, வந்த பிறகு மூன்று நாள் வரை, ஏறக்குறைய எட்டு நாள்களில்தான் இந்த அறிகுறிகள் கூடியிருந்தன. எந்த ஓர் அறிகுறியும் பாதிக் குழந்தைகளிடம்கூடக் காணப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆக, சத்தமே இல்லாமல் பல் முளைத்த குழந்தைகள் ஏராளம். வாரக்கணக்கில் தொடரும் அழுகையைப் பல்லின் தலையில் கட்டிவிடாதீர்கள்.

வலிக்கு உடனடியாக என்ன செய்யலாம்?

முதல் மருந்து உங்கள் விரல்தான். நகத்தை ஒட்ட வெட்டி, கையைக் கழுவி, ஆள்காட்டி விரலின் சதைப் பகுதியால் உப்பிய ஈறின்மேல் இதமாக அழுத்தி, ஓரிரு நிமிடம் முன்னும் பின்னுமாகத் தேய்த்துவிடுங்கள். உள்ளிருந்து தள்ளும் பல்லுக்கு எதிராக வெளியிலிருந்து ஓர் அழுத்தம் கிடைத்தால் வலி மட்டுப்படும். குழந்தை முதலில் முகத்தைத் திருப்பும், அடுத்த நொடியே உங்கள் விரலை ஈறுக்கு நடுவே வைத்து மென்று தள்ளும். மெல்லட்டும்.

அடுத்தது குளிர்ச்சி. வீட்டில் பழைய பருத்தி வேட்டி இருக்குமே, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணி, அதைவிட நல்லது வேறில்லை. கைக்குட்டை அளவுக்கு நான்கைந்து துண்டுகளாகக் கிழித்து, ஓரத்தில் நூல் பிரியாமல் மடித்துத் தைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கவைத்து ஆறிய நீரில் நனைத்துப் பிழிந்து, மூடியுள்ள டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் அரை மணி நேரம் வையுங்கள். ஒரு முனையில் முடிச்சுப் போட்டு, முடிச்சைக் குழந்தையின் வாயில் கொடுத்து, மறுமுனையை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். துணியின் சொரசொரப்பும் ஈரக் குளிர்ச்சியும் சேர்ந்து நமைச்சலைத் தணிக்கும். ஒவ்வொரு முறையும் புதிய துண்டு. கீழே விழுந்ததைத் திரும்ப வாயில் வைக்க வேண்டாம்.

குளிரூட்டிய ஸ்டீல் கரண்டியின் முதுகுப்பக்கத்தை ஈறில் வைத்து எடுப்பதும் நல்ல உபாயம். ஆனால் பல் வெளியே வந்துவிட்டால் கரண்டியை விட்டுவிடுங்கள், கடித்தால் பல்லில் கீறல் விழக்கூடும். பனிக்கட்டியையோ உறைய வைத்த எதையுமோ நேரடியாக ஈறில் வைக்கக் கூடாது. கல்போல இறுகிய குளிர் ஈறைப் புண்ணாக்கிவிடும்.

இவை எதுவும் கைகொடுக்காத நேரத்தில் தூக்கிக்கொண்டு நடப்பதுதான் வழி. வாசலில் போகும் ஆட்டுக்குட்டியும் ஆடும் வேப்பங்கிளையும் என் சின்னவனின் பல்வலியை எத்தனையோ மாலைகளில் மறக்கடித்திருக்கின்றன.

டீத்தர் (குழந்தை கடிப்பதற்கென்று விற்கும் பொம்மை) வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஒரே துண்டாக வார்த்த, கெட்டியான ரப்பரோ சிலிக்கோனோ போதும். குழந்தையின் வாய்க்குள் முழுதாகப் போகாத அளவு இருக்க வேண்டும். உள்ளே நீரோ ஜெல்லோ நிரப்பியதை வாங்காதீர்கள், கடித்துத் துளை விழுந்தால் உள்ளே இருப்பது வயிற்றுக்குள் போகும். மணி கோத்தது, ஒட்டுப்போட்டது, சாயம் உரியக்கூடியது எதுவும் வேண்டாம். கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிடவே கூடாது.

கடிக்க உணவாக எதைக் கொடுக்கலாம்?

ஆறு மாதம் நிறையும் முன் தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம். இணை உணவு தொடங்கிய பிறகு, குளிர்ந்த தயிர், மசித்த வாழைப்பழம், குளிர வைத்த பப்பாளிக் கூழ் ஆகியவை வாய்க்கு இதமாக இருக்கும். கடைகளில் கிடைக்கும் வலைப்பை பொருத்திய நிப்பிளில் குளிர்ந்த பழத்துண்டைப் போட்டுக் கொடுத்தால் சாறு மட்டும் வரும், துண்டு தொண்டைக்குப் போகாது. வலையின் இண்டு இடுக்கில் பழம் தங்கிப் புளித்துவிடும் என்பதால் உடனே கழுவிவிடுங்கள்.

பச்சைக் கேரட், ஆப்பிள் துண்டு, முறுக்கு, கடலை உருண்டை இவற்றைக் 'கடிக்கக் கொடுத்தோம்' என்று சொல்வதைக் கேட்டாலே எனக்கு நெஞ்சு பதறும். ஈறின் வலிமைக்கே கேரட்டின் முனை உடையும். உடைந்த துண்டு மூச்சுக்குழாயை அடைத்தால் கண்ணிமைக்கும் நேரம்தான். கடையில் விற்கும் ரஸ்கும் பிஸ்கட்டும் சர்க்கரையாகவே இருக்கும், முளைக்கும் பல்லுக்கு அதுவும் கேடு.

பால் குடிக்கும்போது கடிக்கிறது. தாய்ப்பாலை நிறுத்திவிட வேண்டுமா?

நிறுத்த வேண்டாம். குழந்தை நன்றாக வாய்வைத்து உறிஞ்சும்போது அதன் நாக்கு கீழ் ஈறுக்கு மேலே நீண்டிருக்கும். அந்த நிலையில் கடிக்க இயலாது. பசி தீர்ந்து விளையாட்டாக வாயில் வைத்திருக்கும் கடைசி நிமிடங்களில்தான் கடி விழுகிறது. விழுங்கும் சத்தம் நின்று உறிஞ்சல் தளர்ந்தவுடனே விடுவித்துவிடுங்கள். கடித்துவிட்டால் வெடுக்கென்று இழுக்காமல், சுண்டுவிரலை வாயின் ஓரத்தில் நுழைத்துப் பிடியைத் தளர்த்துங்கள். பால் கொடுப்பதற்கு முன் இரண்டு நிமிடம் குளிர்ந்த துணியைக் கடிக்கக் கொடுத்தால் பெரும்பாலும் தொல்லை இராது.

முகவாயும் கழுத்தும் சிவந்து தடித்திருக்கின்றன. என்ன தடவலாம்?

எச்சிலின் ஈரம் தோலை அரிக்கிறது. மென்மையான துணியால் ஒற்றி எடுங்கள், துடைக்க வேண்டாம். தூங்கும் முன் சிறிது தேங்காய் எண்ணெயோ பெட்ரோலியம் ஜெல்லியோ பூசினால் ஈரம் தோலில் படியாது. நனைந்த கழுத்துத் துணியை உடனுக்குடன் மாற்றுங்கள். பவுடர் கொட்டாதீர்கள், அதன் தூசி குழந்தையின் நுரையீரலுக்குப் போகும்.

பல் முளைத்தால் காய்ச்சல் வரும் என்கிறார்களே?

நான் இவ்வளவையும் எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். பல் முளைக்கும்போது உடல் சற்றே வெதுவெதுப்பாக இருக்கலாம். வெப்பமானியில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டையோ அதற்கு மேலோ காட்டினால் அது காய்ச்சல், அதற்குக் காரணம் பல் அல்ல.

என் மூத்த மகளுக்கு எட்டு மாதத்தில் 102 டிகிரி அடித்தது. அதே வாரம் மேலே ஈறு வீங்கியிருந்தது. "பல் காய்ச்சல்தான், தானாக இறங்கிவிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். மூன்றாம் நாள் சிறுநீர் கழிக்கும்போது அவள் முகம் சுருங்கி வீறிட்டதைப் பார்த்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினேன். பரிசோதனையில் சிறுநீர்த் தொற்று என்று தெரிந்தது. இன்னும் தாமதித்திருந்தால் சிறுநீரகம் வரை பாதித்திருக்கும் என்றார் மருத்துவர். அந்த மூன்று நாள்களை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

இந்தக் குழப்பம் ஏன் வருகிறது என்றால், இரண்டும் ஒரே பருவத்தில் நிகழ்கின்றன. கருவிலிருந்தபோது தாயிடமிருந்து பெற்ற நோய் எதிர்ப்புப் பொருள்கள் ஆறு மாத வாக்கில் குறைந்துவிடுகின்றன. அதே சமயம் குழந்தை தவழ்ந்து, கண்டதையெல்லாம் வாயில் வைக்கிறது. தொற்றும் பல்லும் அருகருகே வருவதால், பழி பல்லின்மேல் விழுகிறது. பழங்காலம் முழுக்க இப்படித்தான். 1839இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 5,000க்கும் மேற்பட்ட குழந்தைகளின் இறப்புக்குப் 'பல் முளைத்தல்' என்று காரணம் பதிவாகியிருக்கிறது. அந்தக் குழந்தைகளைக் கொன்றவை வேறு நோய்கள்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி என்றால் அன்றே மருத்துவமனை. பெரிய குழந்தையாக இருந்தாலும் காய்ச்சல் ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, வலிப்பு வந்தாலோ காத்திருக்கக் கூடாது.

வயிற்றுப்போக்கும் அப்படித்தானா?

அப்படித்தான். பல் முளைப்பதால் பேதியாவதில்லை, வாந்தியும் வருவதில்லை. தரையில் கிடந்த பொம்மை, கழுவாத டீத்தர், கழுவாத விரல் வழியாகக் கிருமி போயிருக்கும். தாய்ப்பாலை நிறுத்தாமல், ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். துத்தநாக மருந்து எத்தனை நாள் என்பதை மருத்துவரோ கிராம சுகாதாரச் செவிலியரோ சொல்வார். கண் குழிந்திருந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ உடனே கிளம்புங்கள்.

வலி தாங்காமல் இரவெல்லாம் அழுகிறது. பாரசிட்டமால் கொடுக்கலாமா?

மற்ற எதுவும் கேட்காத ஓரிரு இரவுகளுக்குக் கொடுக்கலாம், ஆனால் முதல் முறை மருத்துவரிடம் அளவு கேட்டு எழுதி வைத்துக்கொண்டு. அளவு வயதைப் பொறுத்ததல்ல, எடையைப் பொறுத்தது. ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம், வேளைக்கு வேளை ஆறு மணி நேர இடைவெளி, நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் கிடையாது.

இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது, தயவுசெய்து கவனியுங்கள். மருந்துக் கடையில் ஒரே பெயரில் சொட்டு மருந்தும் இருக்கும், சிரப்பும் இருக்கும். சொட்டு மருந்தில் பொதுவாக 1 மில்லி லிட்டரிலேயே 100 மில்லிகிராம். சிரப்பிலோ 5 மில்லி லிட்டருக்கு 120 அல்லது 125, இன்னொரு வகையில் 250. சிரப்பென்று நினைத்துச் சொட்டு மருந்தை 5 மில்லி லிட்டர் ஊற்றிவிட்டால் 500 மில்லிகிராம் போய்விடும், ஏழு கிலோ குழந்தைக்கு அது பலமடங்கு. புட்டியின் எழுத்தை விளக்கு வெளிச்சத்தில் படித்த பிறகே அளந்து ஊற்றுங்கள். ஆஸ்பிரின் குழந்தைக்குக் கூடவே கூடாது.

ஈறில் தடவும் ஜெல் உடனே வலியைக் குறைக்கிறதாமே?

தடவ வேண்டாம் என்பதே என் பதில். ஊறும் எச்சில் சில நிமிடங்களில் அதைக் கழுவிவிடும், குழந்தை மிச்சத்தை விழுங்கிவிடும். பென்சோகைன் கலந்த ஜெல்லை இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு விற்பதை நிறுத்தும்படி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் அறிவித்தது. இந்த மருந்து இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைச் சில குழந்தைகளிடம் கெடுத்துவிடுகிறது, உதடும் நகமும் நீலம் பாய்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைனுக்கும் அங்கே 2014இல் கடும் எச்சரிக்கை வந்தது, விழுங்கினால் வலிப்பும் இதயக் கோளாறும் நேரலாம். நம் ஊர்க் கடைகளில் வாய்ப்புண்ணுக்கென்று கிடைக்கும் ஜெல்களில் கோலின் சாலிசிலேட் இருக்கும். ஆஸ்பிரினின் உறவு அது. பிரிட்டனில் 2009 முதல் 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அது கூடாது.

குழந்தைக்குப் பல் மருந்து என்று விற்றவற்றின் வரலாறு கசப்பானது. பிரிட்டனில் நெடுங்காலம் விற்ற பல் பொடிகளில் கலோமல் என்ற பாதரச உப்பு இருந்தது. அதைத் தின்ற குழந்தைகளின் உள்ளங்கையும் பாதமும் சிவந்து தோல் உரிந்தன, வெளிச்சத்தைக் கண்டால் கூசி அழுதன. 1954இல் பொடியிலிருந்து கலோமலை நீக்கிய பிறகு அந்த நோயே ஏறக்குறைய இல்லாமல் போனது. நைஜீரியாவில் 2008இல் நச்சுக் கரைப்பான் கலந்த பல்வலி சிரப்பால் 80க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். ஓரிரு வாரத்தில் தானாக ஆறும் வலிக்கு இவ்வளவு விலையா?

தேன், வசம்பு, உரை மருந்து, கிரைப் வாட்டர்?

தேன் ஒரு வயது வரை ஒரு சொட்டும் கூடாது. அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்து குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரந்து, தசைகளைத் தளரச் செய்துவிடும்.

வசம்பைப் 'பிள்ளை வளர்ப்பான்' என்று அழைத்த மரபில் வந்தவர்கள் நாம். என் பாட்டி ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காயோடு அதையும் கல்லில் இழைத்து நாக்கில் தடவுவாள், அந்த வாசம் எனக்கு இன்றும் பிரியமானது. ஆனாலும் நான் என் பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை. வசம்பில் உள்ள பீட்டா அசரோன் என்ற வேதிப்பொருள் ஆய்வக விலங்குகளில் கட்டிகளை உண்டாக்கியதால் 1968இல் அமெரிக்கா அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. போதாக்குறைக்கு உரைகல்லும் தண்ணீரும் விரலும் எவ்வளவு சுத்தம் என்று யாராலும் சொல்ல முடியாது. பாட்டியின் அன்பை மறுக்க மனமில்லாதவர்கள், விரலால் ஈறைத் தேய்த்துவிடும் வேலையை அவரிடமே ஒப்படையுங்கள். அதில் அவரைவிடப் பக்குவமான கை யாருக்கும் இல்லை.

கிரைப் வாட்டர் ஈறுவலிக்கு ஒன்றும் செய்யாது.

வசம்பு வளையலும் அம்பர் (இறுகிய மரப்பிசின்) மணி மாலையும் அணிவிக்கலாமா?

வேண்டாம். மணி உதிர்ந்தால் தொண்டையை அடைக்கும், மாலை சிக்கினால் கழுத்தை இறுக்கும். அம்பர் மாலையோடு தூங்கிய ஒரு குழந்தை அமெரிக்காவில் இறந்ததை அடுத்து அங்கே 2018இல் அரசே எச்சரித்தது.

ஈறில் நீலமாக ஒரு கட்டி தெரிகிறது. பயப்பட வேண்டுமா?

வெளிவரும் பல்லின் மேல் நீரோ இரத்தமோ தேங்கிய சிறு கொப்புளம் அது. பல் வந்ததும் தானாக உடைந்து மறையும். குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள். சீழோ காய்ச்சலோ இருந்தால் மட்டும் காட்டுங்கள்.

மேல் பல் முதலில் முளைத்துவிட்டது. தாய்மாமனுக்கு ஆகாதாமே?

ஒரு காதணி விழாவில் இளம் தாய் ஒருத்தி, தன் அண்ணன் அருகே வந்தபோதெல்லாம் குழந்தையின் முகத்தைத் தோளில் சாய்த்து மறைத்துக்கொண்டதைப் பார்த்தேன். பந்தி முடியும் வரை அவள் மறைத்தபடியே இருந்தாள். மேலே முளைத்த அந்தச் சின்னப் பல்லால் யாருக்கும் ஒரு தீங்கும் வராது. பல் வரும் வரிசை குழந்தைக்குக் குழந்தை மாறும், பெரும்பாலும் குடும்ப வாகுதான். அண்ணன் தன் மருமகனின் முதல் பல்லைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

ஒரு வயதாகியும் ஒரு பல்கூட இல்லை.

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ தாமதமாக முளைத்ததா என்று வீட்டில் கேளுங்கள், பாதிக் கவலை அங்கேயே தீரும். ஒன்றேகால் வயதிலும் வராவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். வைட்டமின் டி குறைபாடு, தைராய்டு குறைபாடு போன்றவை அரிதாகக் காரணமாவதுண்டு.

வந்த பல்லை எப்போதிருந்து துலக்க வேண்டும்?

வந்த நாளிலிருந்தே. மென்மையான சின்னப் பிரஷ்ஷில் அரிசி அளவு ஃபுளோரைடு பற்பசை, காலையிலும் இரவிலும். பால் புட்டியை வாயில் வைத்தபடி தூங்க விடாதீர்கள், முன்பற்கள் முதலில் கரையும்.

பல் கொழுக்கட்டை வைத்துக் கொண்டாட ஆசை. பாதுகாப்பாகச் செய்வது எப்படி?

கட்டாயம் செய்யுங்கள். யாழ்ப்பாணத்து வீடுகளில் குழந்தையின் தலைக்கு மேல் வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்து, அதில் கொழுக்கட்டைகளைக் கொட்டுவார்கள். கொழுக்கட்டையின் ஓரத்தில் தேங்காய்ச் சொட்டுகளைப் பல்வரிசைபோலக் குத்தியிருப்பார்கள். முன்னால் புத்தகம், பேனா, நகை என்று பரப்பி வைத்து, குழந்தை எதை எடுக்கிறது என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். கொழுக்கட்டை நன்றாக ஆறியிருக்கட்டும். பரப்பும் பொருள்களில் கத்தியும் காசும் வேண்டாம். சடங்கு முடிந்ததும் பாயை உதறி, குத்திய தேங்காய்ச் சொட்டுகள் அத்தனையும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று பாயடியில் ஒளிந்திருந்தாலும் தவழ்கிற கை அதைத்தான் முதலில் எட்டும்.